மூன்றாம் இருக்கை

ஆகஸ்ட். ரிவாகாவில் இன்னும் குளிர் விடவில்லை.
சமையலறை ஜன்னலோரம் ஒரு தட்டில் ஈரமண்.
புகையிலை விதையைப் புதைக்கக் கூடாது,
வெளிச்சம் கண்டால்தான் கண் திறக்கும்.
மேலே தூவிவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும்.
கடுகே இதற்குப் பூசணிக்காய்.

இரண்டு வாரம். மூன்று.
பாசிதான் முளைத்தது.
அடுப்புக்கு மேல் வெந்து கிடந்த பழைய உறை அது,
வேறு கையிருப்பு இல்லை.
ஏப்ரலில் எடுத்த புது விதை என்னவாயிற்று என்று
சொல்ல வெட்கம்.

சொல்கிறேன்.

போன கோடையில் இருபது செடி.
பத்தொன்பதுக்குத் தலை கிள்ளினேன்,
பூவுக்குப் போகிற பலம் இலைக்கு இறங்கட்டும் என்று.
விரலெல்லாம் கருப்புப் பிசின், சோப்புக்கு மசியாது,
பச்சைத் தக்காளியை நசுக்கித் தேய்த்தால்தான் விடும்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்
அந்தக் கையோடு ஸ்டியரிங்கைத் தொட முடியுமா?

இருபதாவதைப் பூக்க விட்டேன்.
வேலிக்கு அப்பால் ஹேமி வளர்ப்பது வேறு ரகம்.
தேனீக்கு வேலி தெரியாது.
பூங்கொத்துக்கு என் பழைய நைலான் காலுறையை
மாட்டிக் கட்டினேன்.
"டெல்வின், உன் செடி
வங்கியில் கொள்ளையடிக்கப் போகிறதா?"

இலைகள் கேரேஜில் கம்பியில் தொங்கின.
அவசரமாகக் காய்ந்தால் பச்சை உள்ளேயே பூட்டிக்கொள்ளும்,
பிறகு எந்தச் சாவிக்கும் திறக்காது.
வெயில் நாளில் தொட்டால் அப்பளம்,
மூடுபனி புகுந்த காலையில் கையுறைத் தோல்.
பனி பார்த்து இறக்கினேன்.
செத்துப்போன ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மின்சாரச் சட்டி,
ஐம்பது டிகிரி, நாலு வாரம்.
முதலில் லாயத்து மூத்திர நெடி,
அப்புறம் உலர்திராட்சை.
நெடி வந்த வாரம் என் கணவன் கிரெகர் தங்கை வீட்டுக்குப் போனான்.
கரண்ட் பில் வந்ததும் திரும்பினான்,
சண்டை போட.

என் வாய்க்கு நான் வளர்த்துக்கொள்ளலாம்,
பக்கத்து வாய்க்கு ஓர் இலை தந்தாலும் குற்றம்.
விதை பற்றி ஒரு வரி கூட இல்லையாம், ஹேமி படித்திருக்கிறான்.
பாதி உனக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெள்ளைத் தாளில் காய்களை நொறுக்கினேன்.
ஒன்றுக்குள் இரண்டாயிரம் இருக்கும்,
பழுப்புத் தூசு.
"என் பங்கு" என்று ஹேமி கதவைத் திறந்தான்.
அவனுக்கு முன்னால் தெற்குக் காற்று உள்ளே வந்தது.
தாள் வெறும் தாள்.

எச்சில் தொட்ட விரலால் கம்பளம் முழுக்கத் தேடினோம்.
கம்பளிச் சட்டையை உதறினேன்.
மறுநாள் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்,
கடைசிப் பிள்ளை இறங்கியதும்
ஜன்னல்களை எட்டி எட்டிச் சாத்தினேன்.

அக்டோபர் கடைசி, மழை விட்ட மதியம்.
"மிஸ், பஸ்ஸில் செடி வந்திருக்கு!"
அனஹேரா, ஏழு வயது, மூன்றாம் இருக்கை.
கண்ணாடி ஓடும் பள்ளத்தில், பாசி மூலையில்
நகமளவு இரண்டு இலை, பூனை மயிர்,
தொட்டால் ஒட்டுகிறது.
எனக்கா தெரியாது.
"என்ன செடி மிஸ்?"
நேர் மேலே அட்டையில் சிகரெட், அதன்மேல் சிவப்புக் கோடு.
"லெட்டூஸ் மாதிரி" என்றேன்.
அந்த "மாதிரி"யில் கொஞ்சம் நேர்மை இருந்தது.

பாட்டில் மூடியால் தினமும் தண்ணீர் வார்த்தாள்.
புட்டிங் என்று பெயரும் வைத்தாள்.
ஒரு வெள்ளிக்கிழமை ஐஸ் குச்சியால் நெம்பி எடுத்துப் போனேன்.
திங்களன்று கேட்டாள்.
"இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றேன்.
நம்பவில்லை. என் பக்கம் பார்க்காமலே இறங்கினாள்,
பத்து நாள்.

இந்த வருடம் அது ஒன்றுதான்.
தலை கிள்ளவில்லை. இலை மெலிந்து போயிற்று.
எனக்குப் புகைக்க ஒன்றுமில்லை, கிரெகர் விசிலடிக்கிறான்.
காலுறைக்குள் காய்கள் பழுத்தாயிற்று.
உறையில் ரகம் எழுதும் இடத்தில்
புட்டிங், மூன்றாம் இருக்கை என்று எழுதிவிட்டு
தாளை விரிக்கிறேன்.

கதவைத் தட்டிவிட்டு
ஹேமி வெளியிலேயே நிற்கிறான்,
மூச்சைப் பிடித்தபடி.